சூடு ஏறவில்லை என்றால் பிரஷரை ஏற்றலாமா? சாய ஆலை ஸ்டீம் அமைப்பு: ஓர் எளிய விளக்கம்

திருப்பூர், ஈரோடு, பெருந்துறை வட்டாரச் சாய ஆலைகளில் ஒரு மெஷின் சூடேறத் தாமதமானால் முதலில் எழும் பேச்சு "பிரஷர் பத்தல" என்பதுதான். பாய்லரில் ஒரு கிலோ ஏற்றச் சொல்வார்கள். அதற்கும் சரிவராவிட்டால் ட்ராப்பை (நீரை மட்டும் வெளியே விட்டு ஸ்டீமை நிறுத்தும் வால்வு) சுற்றிப்போகும் பைபாஸ் வால்வைத் திறந்துவிடுவார்கள். அடுத்த மாதம் பெரிய பாய்லருக்கு விலை கேட்பார்கள். பெரும்பாலான இடங்களில் பாய்லர் மேல் குற்றமே இருக்காது. ஸ்டீம் போகிற பாதையிலும், அது நீராகித் திரும்புகிற பாதையிலும்தான் கோளாறு இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஸ்டீம் எப்படி வேலை செய்கிறது என்ற அடிப்படை தெரிந்தால் போதும்.

இந்தக் கட்டுரையில் 'கிலோ பிரஷர்' (சில இடங்களில் வெறுமனே '3 கிலோவில்') என்பது ஆலையில் பிரஷர் கேஜ் காட்டுகிற அளவு. அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ.

ஸ்டீம் சூட்டைத் தருவது எப்போது?

இட்லிக் கொப்பரையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் கொதிக்கிற நீர் மாவைத் தொடுவதே இல்லை. ஆவி மேலே வந்து, தன்னைவிடக் குளிர்ந்த மாவையும் தட்டையும் தொட்டு, அங்கேயே நீராக மாறுகிறது. மாறுகிற அந்த நொடியில்தான் சுமந்து வந்த சூட்டை இறக்கிவைக்கிறது. மூடியின் உட்புறம் கோத்து நிற்கிற நீர்முத்துகள் வேலையை முடித்துவிட்ட ஆவி.

கணக்கில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1 கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 70 கிலோகலோரி போதும். அதே நீரை 100 டிகிரியிலேயே ஆவியாக்க இன்னும் 540 கிலோகலோரி வேண்டும். வெப்பநிலை ஏறாமல் ஆவிக்குள் ஒளிந்திருக்கும் இந்த 540-க்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஸ்டீம் மறுபடி நீராகும்போது இது அப்படியே வெளியே வருகிறது. நீராகிவிட்ட ஸ்டீமுக்கு ஆலையில் கண்டன்சேட் என்று பெயர்.

இப்போது பிரஷரை ஏற்றினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். 3 கிலோவில் ஸ்டீமின் வெப்பநிலை சுமார் 143 டிகிரி, உள்ளுறை வெப்பம் கிலோவுக்குச் சுமார் 510 கிலோகலோரி. 7 கிலோவில் 170 டிகிரி, 490. 10 கிலோவில் 184 டிகிரி, 478. வெப்பநிலை ஏறுகிறது, ஒவ்வொரு கிலோ ஸ்டீமும் தரும் உள்ளுறை வெப்பம் குறைகிறது. காட்டன் துணியை 95 டிகிரியில் பிளீச் செய்யவும், 60 அல்லது 80 டிகிரியில் சாயமேற்றவும் 143 டிகிரி ஸ்டீம் தாராளம். பாலியஸ்டரை 130 டிகிரிக்குக் கொண்டுபோகும் மெஷினுக்கு மட்டும் கதை வேறு. அங்கே 143 டிகிரி ஸ்டீம் வெறும் 13 டிகிரி வித்தியாசத்தில் தள்ள வேண்டியிருக்கும். ஸ்டீமின் சூட்டைச் சாயநீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலேயே 5, 6 கிலோ பிரஷர் நின்றால்தான் வேகம் வரும்.

சுருக்கமாக: ஸ்டீம் நீராகும்போது சூட்டைத் தருகிறது. ஆகவே நல்ல அமைப்புக்கு இரண்டே கடமைகள். உலர்ந்த ஸ்டீம் மெஷினுக்குப் போய்ச் சேர வேண்டும்; நீரானது உடனே வெளியேற வேண்டும். கீழே வருகிற தவறுகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைத் தடுப்பவை.

எவ்வளவு ஸ்டீம் வேண்டும்?

300 கிலோ துணி, 1:6 விகிதத்தில் 1,800 லிட்டர் நீர், 30 டிகிரியிலிருந்து 95 டிகிரி வரை, நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

நீருக்கு 1,800 × 65 = 1,17,000 கிலோகலோரி. துணிக்கு ஏறக்குறைய 6,500. மொத்தம் சுமார் 1,24,000. இதை 510-ஆல் வகுத்தால் 243 கிலோ ஸ்டீம். இதைப் பார்த்து "ஒரு பேட்சுக்கு 243 கிலோதானே" என்று நிறுத்திவிடுவதுதான் முதல் தவறு. அந்த 243 கிலோவும் 22 நிமிடத்துக்குள் வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் சொன்னால் அது சுமார் 670 கிலோ. மெஷினின் இரும்பையும் வழியில் இழப்பதையும் சேர்த்து 750 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பைப், வால்வு, ட்ராப் மூன்றையும் இந்த 750-ஐ வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்படி நான்கு மெஷின்கள் ஒரே நேரத்தில் சூடேறத் தொடங்கினால் மணிக்கு 3,000 கிலோ இழுக்கும். நாள் முழுவதுக்குமான சராசரி 1,000-ஐத் தாண்டாமலேகூட இருக்கலாம். அதற்காக 3 டன் பாய்லர் வாங்கத் தேவையில்லை. இரண்டு மெஷின்களின் ஆரம்ப நேரத்தை 25 நிமிடம் தள்ளி வைத்தாலே உச்சத் தேவை பாதியாகும்.

பாய்லரின் பெயர்ப்பலகை சொல்வதும் சொல்லாததும்

'2 டன்' என்று எழுதியிருக்கும் பாய்லர் மணிக்கு 2,000 கிலோ தரும் என்று நம்பிவிடக் கூடாது. 100 டிகிரி நீரை உள்ளே விட்டு, 100 டிகிரி ஆவியாக வெளியே எடுத்தால் எவ்வளவு வரும் என்பதே பெரும்பாலும் அந்த அளவு. 30 டிகிரி நீரை விட்டு 7 கிலோவில் ஸ்டீம் எடுத்தால், கிலோவுக்கு 540-க்குப் பதிலாக 631 கிலோகலோரி செலவாகிறது. கிடைப்பது சுமார் 1,710 கிலோ. 80 டிகிரி நீர் விட்டால் 1,860. கண்டன்சேட்டைத் திருப்பிக் கொண்டுவராத ஆலை, காசு கொடுத்து வாங்கிய பாய்லரின் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமலே விட்டிருக்கிறது.

இன்னொரு தவறு, மெஷினுக்கு 3 கிலோதானே வேண்டும் என்று பாய்லரையே 3 கிலோவில் ஓட்டுவது. 7 கிலோ பிரஷரில் 1 கிலோ ஸ்டீம் அடைக்கும் இடம் 0.24 கன மீட்டர்; 3 கிலோவில் 0.46. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பருமன், அதே நீர்ப்பரப்பிலிருந்து இரண்டு மடங்கு வேகத்தில் கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்பும்போது நீர்த்திவலைகளையும் அள்ளிக்கொண்டு போகும். எடையில் பத்தில் ஒரு பங்கு நீராக வந்தால் உள்ளுறை வெப்பத்திலும் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. போதாததற்கு, பாய்லர் நீரின் உப்பும் கூடவே போய் வால்வுகளில் படியும். பாய்லரை அதற்கு வடிவமைத்த பிரஷரில் ஓட்டி, மெஷின்களுக்கு அருகில் பிரஷர் குறைப்பு வால்வு வைத்து இறக்குவதே முறை. அந்த வால்வுக்கு முன்னால் நீரைப் பிரிக்கும் செப்பரேட்டரும் துருவை வடிகட்டும் ஸ்ட்ரெயினரும் கட்டாயம்.

பைப்: அளவு, சரிவு, வடிகால்

ஸ்டீம் லைனில் வேகம் நொடிக்கு 25 முதல் 30 மீட்டர் வரை இருப்பது நல்லது. மணிக்கு 1,500 கிலோ ஸ்டீம், 7 கிலோ பிரஷர் என்றால் 80 மி.மீ. பைப் போதும். அதே 1,500 கிலோவை 3 கிலோவில் அனுப்ப 100 மி.மீ. வேண்டும். கையில் இருக்கிறது என்று அங்கே 50 மி.மீ. பைப்பைப் போட்டால் வேகம் நொடிக்கு 90 மீட்டரை நெருங்கும். பிரஷர் வழியிலேயே கரைந்துவிடும், சத்தம் காதைப் பிளக்கும், வளைவுகள் அரித்துப்போகும். எதற்கும் இருக்கட்டும் என்று 150 மி.மீ. போடுவதும் நல்லதல்ல. இரும்பு அதிகம், வெளியே கசியும் சூடு அதிகம், உள்ளே சேரும் நீரும் அதிகம்.

காலையில் 100 மீட்டர் நீள 80 மி.மீ. லைனைத் திறக்கும்போது நடப்பதைப் பாருங்கள். அந்த இரும்பின் எடை ஏறக்குறைய 1,130 கிலோ. அதை 30 டிகிரியிலிருந்து 170 டிகிரிக்குச் சூடேற்றுவதிலேயே 35 கிலோவுக்கு மேல் ஸ்டீம் நீராகிவிடும். இந்த நீர் எங்கே போவது? பைப்புக்குச் சரிவு இல்லையென்றால் தொய்ந்த இடங்களில் குளமாக நிற்கும். மேலே நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடுகிற ஸ்டீம் அந்த நீரை அலையாக எழுப்பி, கட்டியாகத் திரட்டி, அடுத்த வளைவிலோ வால்விலோ கொண்டுபோய் மோதும். அந்த இடிக்குத்தான் வாட்டர் ஹேமர் என்று பெயர். வார்ப்பிரும்பு வால்வை உடைத்து ஆளைக் கொல்லக்கூடியது அது. "லைன் தட்டுது, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே வால்வை மூடச் சொல்லுங்கள்.

தடுக்கும் வழி எளிது. ஸ்டீம் போகும் திசையிலேயே 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு கொடுக்க வேண்டும். 30 முதல் 50 மீட்டருக்கு ஒன்று, பைப் மேலே ஏறும் ஒவ்வொரு அடிவாரத்திலும் ஒன்று, லைனின் கடைசியில் ஒன்று என்று டிரெயின் பாக்கெட் வைக்க வேண்டும். அதாவது பைப்பின் அடியில் நீர் விழுந்து சேரும் குழி. பல ஆலைகளில் 80 மி.மீ. பைப்பின் வயிற்றில் 15 மி.மீ. துளை போட்டு ஒரு ட்ராப்பை மாட்டியிருப்பார்கள். அந்த வேகத்தில் ஓடும் நீர் அவ்வளவு சிறிய துளையைத் தாண்டிப் போய்விடும். 80 மி.மீ. லைனுக்குப் பாக்கெட்டும் 80 மி.மீ. விட்டத்தில், குறைந்தது 100 மி.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். ட்ராப்புக்கான இணைப்பைப் பக்கவாட்டில் எடுத்து, அடியில் சேரும் துருவைத் திறந்துவிடத் தனியாக ஒரு வால்வு வைக்க வேண்டும்.

இதே காரணத்தால் மெஷினுக்குப் பிரியும் கிளைப் பைப்பை மெயின் லைனின் மேல்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அடியிலிருந்து எடுத்தால் மெஷினுக்குப் போவது நீர். பைப் அளவு குறையும் இடத்தில் ரெடியூசரின் அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். ஸ்ட்ரெயினரின் கூடை கீழே தொங்காமல் பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும். சின்ன விஷயங்களாகத் தெரியும் இவை ஒவ்வொன்றும் ஒரு குளத்தைத் தவிர்க்கின்றன.

இரும்பு நீளும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 30 மீட்டர் பைப் 30 டிகிரியிலிருந்து 170-க்குப் போனால் சுமார் 50 மி.மீ. நீளும். இரண்டு முனையையும் இறுகப் பிடித்துவிட்டு நடுவில் வளையம் விடாவிட்டால், அந்த 50 மி.மீ. பைப்புகளை இணைக்கும் ஏதோ ஒரு ஃபிளாஞ்சைத் திறந்துதான் வழி தேடும்.

கேஜ் சொல்லும் பொய்: காற்று

இரவில் ஆலை நின்றதும் ஸ்டீம் நீராகி, லைனுக்குள் வெற்றிடம் உண்டாகி, காற்று உள்ளே வந்துவிடுகிறது. காலையில் புதிய ஸ்டீம் அந்தக் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே போய் மெஷினுக்குள் அடைக்கும். மெஷினில் கேஜ் 3 கிலோ காட்டும். உள்ளே கால் பங்கு காற்றாக இருந்தால் வெப்பநிலை 143 டிகிரி இருக்காது. சுமார் 133-தான் இருக்கும். கேஜுக்குக் காற்றையும் ஸ்டீமையும் பிரித்தறியத் தெரியாது. ஆகவே பிரஷரோடு வெப்பநிலையையும் அளக்க வேண்டும். பிரஷருக்கு உரிய வெப்பநிலை இல்லையென்றால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். லைனின் கடைசி முனையிலும் பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சர்களிலும் தானாகக் காற்றை வெளியேற்றும் ஏர் வென்ட் வைப்பதே தீர்வு.

இதுவரை பார்த்தது மெஷினுக்கு வரும் பாதை: சரியான அளவு, ஒரே சீரான சரிவு, போதிய குழிகள், காற்றுக்கு ஒரு வாசல். இனி வெளியே போகும் பாதை. பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான்.

ஸ்டீம் ட்ராப்: அதிகம் பழி சுமக்கும் கருவி

ஸ்டீம் ட்ராப் என்பது நீரையும் காற்றையும் வெளியே விட்டு, ஸ்டீமை மட்டும் உள்ளே நிறுத்தும் தானியங்கி வால்வு. மெயின் லைன் குழிகளுக்குத் தட்டு வகை எனப்படும் தெர்மோடைனமிக் ட்ராப் நன்றாக உழைக்கும். சாஃப்ட் ஃப்ளோ எனப்படும் துணிச் சாய மெஷினின் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு மிதவை வகை, அதாவது பால் ஃப்ளோட் ட்ராப் வேண்டும். நீர் வர வர, காத்திருக்காமல் வெளியேற்றுவது அதுதான். இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டு, மெஷின் மந்தம் என்று சொல்வது வாடிக்கை.

அளவைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் பெரிய தவறு நடக்கிறது. பைப் 25 மி.மீ., ஆகவே ட்ராப்பும் 25 மி.மீ. என்று வாங்குகிறார்கள். ட்ராப் எவ்வளவு நீரைத் தள்ளும் என்பது அதற்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் வித்தியாசத்தையும் உள்ளே இருக்கும் துளையையும் பொறுத்தது. நமது மெஷினின் 750 கிலோவுக்கு இரு மடங்கு, 1,500 கிலோவைத் தள்ளக்கூடிய ட்ராப் வேண்டும். அதை 3 கிலோ வித்தியாசத்தில் பார்க்காமல், ஓட்டத்தில் உண்மையில் கிடைக்கும் குறைந்த வித்தியாசத்தில், உதாரணமாக அரை கிலோவில், தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்க்க வேண்டும். இரண்டு மெஷின்களுக்குச் சேர்த்து ஒரே ட்ராப் போடவே கூடாது. பிரஷர் அதிகமுள்ள மெஷின் மற்றதன் நீரைத் தடுத்து நிறுத்திவிடும்.

பிரஷர் வித்தியாசம் எப்படிக் காணாமல் போகிறது என்பது கவனித்துப் படிக்க வேண்டிய இடம். மெஷின் 60 டிகிரியை எட்டிவிட்டது, இனி அந்தச் சூட்டைப் பிடித்து வைத்தால் போதும். கட்டுப்பாட்டு வால்வு ஏறக்குறைய மூடிவிடும். இப்போது ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் 80 டிகிரி ஸ்டீமே போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 டிகிரி ஸ்டீமின் பிரஷர் வெளிக்காற்றின் பிரஷரில் பாதிக்கும் கீழே. அதாவது உள்ளே வெற்றிடம். ட்ராப்புக்குப் பிறகு கண்டன்சேட் பைப் 4 மீட்டர் மேலே ஏறுகிறது என்றால், ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 0.1 கிலோ வீதம் 0.4 கிலோ எதிர்ப்பு. தள்ளுவதற்கு உள்ளே எதுவும் இல்லை. நீர் அங்கேயே நின்றுவிடும்.

பாதிக் குழாய்கள் நீரில் மூழ்கியதும் சூடு குறையும். வால்வு பட்டென்று முழுதாகத் திறக்கும். புது ஸ்டீம் தேங்கிய நீரில் மோதி இடிக்கும், நீரைத் தள்ளிவிடும், சூடு 60-ஐத் தாண்டும், வால்வு மறுபடி மூடும். வெப்பநிலை வரைகோடு ரம்பப் பல்லாகத் தெரிந்தால் இதுதான் நடக்கிறது. வெல்டிங் விரிசலும், பேட்சுக்குப் பேட்ச் மாறும் ஷேடும் இதன் பின்விளைவுகள். பிரஷரை ஏற்றினால் இது தீராது. ஏனென்றால் வால்வு அந்தப் பிரஷரை உள்ளே விடப்போவதே இல்லை.

தீர்வு மூன்று படிகளில் வருகிறது. ட்ராப்பை ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயிலிருந்து 300 முதல் 450 மி.மீ. கீழே வைக்க வேண்டும். வெற்றிடம் உண்டாகும்போது காற்றை உள்ளே விடும் வேக்யூம் பிரேக்கர் ஒன்றை மாட்ட வேண்டும். ட்ராப்பிலிருந்து நீர் தானாகச் சரிந்து ஒரு தொட்டியில் விழ வேண்டும். மேலே ஏற்றும் வேலையைப் பம்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

பைபாஸைத் திறப்பது இதற்கு மருந்து என்று நினைப்பவர்கள் அதிகம். அந்த மெஷின் அப்போதைக்குச் சூடேறும். ஆனால் நீரோடு ஸ்டீமும் நேராகக் கண்டன்சேட் லைனுக்குள் பாயும். அந்த லைனில் பிரஷர் ஏறும். பக்கத்து மெஷினின் ட்ராப் தள்ள முடியாமல் திணறும். அங்கேயும் பைபாஸைத் திறப்பார்கள். ஒரு வாரத்தில் எல்லா பைபாஸும் திறந்திருக்கும், விறகுச் செலவு ஏறியிருக்கும், "பாய்லர் பத்தல" என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள்.

கண்டன்சேட் லைனில் ஓடுவது நீர் மட்டுமல்ல

3 கிலோவில் இருக்கும் கண்டன்சேட் 143 டிகிரி சூடு. ட்ராப்பைத் தாண்டி வெளிக்காற்றின் பிரஷருக்கு வந்ததும் அந்தச் சூட்டில் நீராகவே இருக்க முடியாது. சுமார் 8 சதவீதம் உடனே மறுபடி ஆவியாகும். இதற்கு ஃபிளாஷ் ஸ்டீம் என்று பெயர். எடையில் 8 சதவீதம்தான். இடத்தில் கிட்டத்தட்ட முழுவதும் அதுதான். 1 கிலோ கண்டன்சேட்டிலிருந்து வரும் ஃபிளாஷ் ஸ்டீம் 130 லிட்டருக்கு மேல் இடம் அடைக்கும். மீதி நீர் 1 லிட்டர்கூட வராது.

மணிக்கு 700 கிலோ கண்டன்சேட்டை வெறும் நீர் என்று கணக்கிட்டால் 20 மி.மீ. பைப்பே போதும் என்று தோன்றும். 25 மி.மீ. போட்டுவிட்டுத் தாராளம் என்று நினைப்பார்கள். ஃபிளாஷ் ஸ்டீம் அதில் நொடிக்கு 45 மீட்டருக்கு மேல் ஓடும். பின்னழுத்தம் ஏறி, மேலே சொன்ன தேக்கம் தொடங்கும். சரியான அளவு 50 மி.மீ. மெயின் லைன் குழிகளிலிருந்து வரும் 7 கிலோ கண்டன்சேட்டில் 13 சதவீதம் ஃபிளாஷ் ஆகும். அதை நீர் நிறைந்த பம்ப் லைனில் கொண்டுபோய் இணைத்தால் லைன் இடித்துக்கொண்டே இருக்கும். அதற்குத் தனிப் பாதை வேண்டும்.

திரும்பி வரும் நீர்

கண்டன்சேட் என்பது உப்பில்லாத, ஏற்கெனவே காசு கொடுத்துச் சூடாக்கிய நீர். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீர் துளியும் வெளியேறாத முறை இல்லாமல் அங்கே தொழில் செய்ய முடியாது. ஒவ்வொரு லிட்டரையும் ஆர்.ஓ.வில் சுத்திகரிக்கும் ஊரில் இந்த நீரைக் கால்வாயில் விடுவது இரட்டை நஷ்டம். பாய்லருக்குப் போகும் நீர் 6 டிகிரி சூடேறினால் எரிபொருளில் சுமார் 1 சதவீதம் மிச்சம். 30-இலிருந்து 80-க்குப் போனால் 8 சதவீதம்.

திறந்த தொட்டிகளில் ஸ்டீமை நேராக நீருக்குள் விடும் பழக்கத்தில் இந்த நீர் திரும்புவதே இல்லை. 1,800 லிட்டரை 95 டிகிரிக்கு அப்படிச் சூடேற்றினால் 200 கிலோவுக்கு மேல் புது நீர் தொட்டியில் சேர்ந்து, போட்ட சாயமும் உப்பும் நீர்த்துப்போகும்.

திருப்பிக் கொண்டுவரும்போது இரண்டு எச்சரிக்கைகள். சாஃப்ட் ஃப்ளோவில் பெரும்பாலும் ஒரே ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான் சூடேற்றவும் குளிர்விக்கவும் பயன்படுகிறது. அதன் வால்வு சரியாக மூடாவிட்டால் குளிர்விக்கும் நீரும், குழாய் ஓட்டையானால் சாயக்கரைசலும் கண்டன்சேட்டில் கலந்து பாய்லருக்குள் போகும். கண்டன்சேட் லைனில் உப்பை உணரும் சென்சாரும், அளவு மீறினால் நீரைத் தானாக வேறு பக்கம் திருப்பும் வால்வும் இல்லாமல் இந்த இணைப்பைக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, பாய்லருக்கு நீர் தரும் ஃபீட் டேங்கின் உயரம். 30 டிகிரி நீருக்கு வைத்த தொட்டி பம்ப்பின் மட்டத்திலேயே இருக்கும். நீர் 85 டிகிரியைத் தாண்டியதும் பம்ப்பின் உறிஞ்சு வாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகி, பம்ப் கரகரத்து, தண்ணீர் தூக்காமல் நிற்கும். உடனே யாராவது தொட்டியில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, மிச்சம் பிடித்த சூட்டையெல்லாம் இழக்கச் செய்வார்கள். தொட்டியின் நீர்மட்டம் பம்ப்பைவிட 2.5 முதல் 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உறிஞ்சு பைப் பம்ப்பின் வாயைவிட ஓர் அளவு பெரிதாக, வளைவுகள் குறைவாக, ஸ்ட்ரெயினர் அடைபடாமல் இருக்க வேண்டும்.